234 என்ற எண்

மார்ச் 8, சனி

அக்கா மகள் பாலிடெக்னிக்கில் முதலாம் ஆண்டு. போன வாரம் கேட்டாள்: "மாமா, மெமரியில இருக்கிறது எல்லாமே நம்பர்தானே? எது கட்டளை, எது முகவரின்னு பிராசசருக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. வாயால் சொல்வதைவிடக் கண்ணால் பார்க்கட்டும் என்று இன்று சிங்கப்பூரில் எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவருக்குக் கூட்டிப்போய் பிரெட்போர்ட் (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் பலகை), எல்இடி, ரெசிஸ்டர் எல்லாம் வாங்கினோம். சிப் என்னிடமே இருந்தது. 1975-இல் 25 அமெரிக்க டாலருக்கு வந்த 6502 என்ற பிராசசரின், குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிமாஸ் வகை, 65சி02. இதன் கிளாக்கை, அதாவது ஒவ்வொரு படியையும் நகர்த்தும் மின்துடிப்பை, நிறுத்தி வைத்தாலும் உள்ளே இருப்பது அழியாது. பட்டனை அமுக்கி ஒவ்வொரு துடிப்பாக ஓட்டலாம். சொல்லிக்கொடுக்க இதைவிடப் பொருத்தமான சிப்பை நான் பார்த்ததில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மெமரியே வைக்கவில்லை. எண்கள் வந்துபோகும் எட்டு டேட்டா கால்களையும் (சிப்பின் பின்கள்) ரெசிஸ்டர் வழியாக 1110 1010 என்று நிரந்தரமாகக் கட்டிவிட்டோம்: 1 என்றால் 5 வோல்ட், 0 என்றால் கிரவுண்ட். இரும எண்ணாகப் படித்தால் 234. சிப் எந்த முகவரியைக் கேட்டாலும் 234தான் கிடைக்கும். கட்டளையாகப் படித்தால் அதற்கு 'ஒன்றும் செய்யாதே, அடுத்ததற்குப் போ' என்று பொருள். முகவரிக் கால்கள் 16. ஒவ்வொன்றிலும் ஒரு எல்இடி.

ஓடவில்லை. விளக்குகள் கண்டபடி மின்னின. கையைக் கிட்டே கொண்டுபோனால் ஒரு மாதிரி, எடுத்தால் வேறு மாதிரி. மூன்று மணி நேரம் போனது. "தம்பி, சாப்பிட்டுட்டுப் பார்க்கலாம் வா" என்று அக்கா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

மார்ச் 12, புதன்

எம்ஆர்டி ரயிலில் சிப்பின் டேட்டாஷீட்டை (விவரக் கையேடு) மறுபடி படித்தேன். 36-ஆம் கால்! பழைய 6502-இல் அது எதற்கும் பயன்படாத கால். இந்த வகையில் அது பஸ் எனேபிள்: முகவரிக் கால்களைத் திறந்து மூடும் வாசல். பழைய படத்தைப் பார்த்து அதை அந்தரத்தில் விட்டிருக்கிறேன். எங்கும் கட்டாத உள்ளீட்டுக் கால் ஆன்டெனா மாதிரி, கையின் அசைவைக்கூட வாங்கிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து 5 வோல்ட்டோடு இணைத்தேன். அடங்கிவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

ரீசெட் கொடுத்துவிட்டு ஒவ்வொரு துடிப்பாக அமுக்கினாள். சில துடிப்புகள் கழித்து மேல் 14 விளக்குகளும் எரிந்தன, கீழ் இரண்டு அணைந்திருந்தன: 65,532. அடுத்து 65,533. எங்கிருந்து தொடங்குவது என்று சிப் இந்த இரண்டு இடங்களில்தான் படித்துத் தெரிந்துகொள்ளும். தொடங்கும் முகவரியின் கீழ்ப்பாதி முதலில், மேல்பாதி பிறகு. இரண்டு இடத்திலும் கிடைத்தது 234. அடுத்த துடிப்பில் விளக்கு வரிசை 1110 1010 1110 1010 என்று நின்றது. பேப்பரில் பெருக்கிப் பார்த்தாள்: 234 × 256 + 234 = 60,138.

"மாமா, அங்கேயும் 234தானே இருக்கு?"

"ஆமாம்மா. இப்போ அதைக் கட்டளையாப் படிக்குது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அதே எட்டு ஒயர், அதே எண். ஒரு துடிப்புக்கு முன் முகவரியின் பாதி, இப்போது கட்டளை. எண்ணின் மேல் எந்த அடையாளமும் ஒட்டியிருக்கவில்லை. சிப் எந்தப் படியில் நிற்கிறதோ, அதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது.

மார்ச் 15, சனி

மூன்று ஒயரை மாற்றி 169 ஆக்கினோம். 'அடுத்து வரும் எண்ணையே எடுத்துக்கொள்' என்ற கட்டளை. 43,433, 43,434, 43,435 என்று முகவரி நேராக ஏறிக்கொண்டே போனது.

இன்னும் இரண்டு ஒயரை மாற்றினால் 165. 'அடுத்து வரும் எண்ணை முகவரியாகக் கொண்டு, அங்கே இருப்பதை எடு.' 42,405. 42,406. மூன்றாவது துடிப்பில் மேல் எட்டு விளக்குகளும் சட்டென்று அணைந்தன. கீழ் எட்டில் மட்டும் 1010 0101.

"165-க்குப் போயிடுச்சு!" என்று எழுந்தே நின்றுவிட்டாள். அடுத்த துடிப்பில் 42,407. பிறகு 42,408, மறுபடி 165. மூன்று துடிப்புக்கு ஒரு முறை மேல்வரிசை இருளும், பிறகு திரும்பும்.

"மாமா, அங்க போய் என்ன எடுத்துட்டு வந்துச்சு?"

"165."

சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினாள்: தொடங்கும் இடம், கட்டளை, முகவரி, சரக்கு. நான்கும் 165. அடுத்த வாரம் நிஜ ரேம் வைக்க வேண்டுமாம்.