ஸ்டார் ஒன் என்றால் என்ன அர்த்தம்?

நோய் நொடி இல்லாதவர் ஜீனோம் (உடலின் மொத்த மரபணுத் தொகுப்பு) முழுவதையும் பார்க்க வரும்போது கேட்பது, "எனக்கு என்ன நோய் வரும்?" என்பதைத்தான். அதற்கு ரிப்போர்ட்டில் உறுதியான பதில் அபூர்வம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்பவர் குறைவு; கைக்கு உதவும் பதில்கள் அங்கேதான் இருக்கின்றன.

மாதிரி எடுக்குமுன் ஒரு கேள்வியை விடவே கூடாது: உறுப்பு மாற்று ஏதாவது நடந்ததா? எலும்பு மஜ்ஜை மாற்றியவரின் ரத்தம் கொடையாளியின் மரபணுவைக் காட்டும். எச்சிலும் அந்தக் கலப்பிலிருந்து தப்பாது. கல்லீரல் மாற்றியவருக்கு நேர்மாறு: ரத்தத்தில் அவருடைய ஜீன், மருந்தை உடைப்பதோ கொடையாளியின் ஈரல். மற்றபடி எச்சில் என்றால் அரை மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, காபி, வெற்றிலை எதுவும் வேண்டாம். குழாயில் கோடு வரை நிரம்ப வேண்டும், நுரை கணக்கில் சேராது. ரத்தம் என்றால் ஊதா மூடிக் குழாயை எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். கவிழ்க்காமல் வைத்தால் உறைந்துபோகும்; பிறகு மறுபடி ஊசி.

ஒரே ஜீனின் வெவ்வேறு வகைகளை ரிப்போர்ட்டில் ஸ்டார் எண் (*1, *2, *3) போட்டுக் குறிப்பார்கள். அதில் பலரும் ஏமாறும் இடம் 'ஸ்டார் ஒன்'. அதை "நார்மல்" என்று படித்துவிடுகிறார்கள். தேடிய மாற்றங்கள் எதுவும் கிடைக்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். மருந்தை மாற்றும் ஒரு என்சைமைத் தரும் சிஒய்பி2சி19 ஜீனில் ஸ்டார் டூவையும் ஸ்டார் செவன்டீனையும் மட்டும் பார்க்கும் கிட், செயலிழந்த வகையான ஸ்டார் த்ரீ உள்ளவரையும் ஸ்டார் ஒன் என்றே எழுதும். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தபின் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் குளோபிடோகிரெல் உடலுக்குள் போய் இந்த என்சைமால்தான் வேலை செய்யும் மருந்தாக மாறுகிறது. தெற்காசியரில் இந்த ஜீனின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிரதி செயலிழந்த ஸ்டார் டூ. மாத்திரையை மாற்றுவதா தொடர்வதா என்பதை, எதையெல்லாம் தேடினார்கள் என்ற பட்டியல் இல்லாத ரிப்போர்ட்டை நம்பி முடிவு செய்யக் கூடாது.

மருந்தை மாற்றும் இன்னொரு ஜீனான சிஒய்பி2டி6 இன்னும் வம்பு. பக்கத்திலேயே அதன் சாயலில் 2டி7 என்ற செத்த ஜீன் இருக்கிறது. 150 எழுத்துத் துண்டுகளாகப் படிக்கும் மெஷினுக்கு எது எதனுடையது என்று குழம்பும். ஜீன் முழுதாகக் காணாமல் போயிருக்கலாம், இரண்டு மூன்று நகல் கூடுதலாகவும் இருக்கலாம். கூடுதலாக இருந்தால் வலிக்கும் இருமலுக்கும் தரும் கோடீன் மளமளவென்று மார்ஃபினாக மாறி மூச்சை அடக்கும். நகல் எண்ணிக்கை பார்த்தார்களா என்று லேபில் கேட்க வேண்டும். பார்த்திருந்தாலும், மனச்சோர்வு மருந்தான பராக்ஸிடின் சாப்பிடுபவருக்கு ஜீன் நன்றாக இருந்தும் என்சைம் முடங்கிக் கிடக்கும். அது ஜீனைப் பார்த்துத் தெரியாது.

சூடோகோலினெஸ்டெரேஸ் என்ற என்சைமைத் தரும் பிசிஎச்ஈ ஜீன் பல மருந்துப் பேனல்களில் (ஒன்றாகச் சோதிக்கும் ஜீன்களின் தொகுப்பு) இருக்காது. ஆனால் அது பழுதானால், மயக்கம் கொடுக்கும்போது சில நிமிடம் தசையைத் தளர்த்த வேண்டிய ஸ்கோலின் மருந்து மணிக்கணக்கில் நீடிக்கும், அதுவரை வென்டிலேட்டர்தான். ஆரிய வைசியரிடையே இந்தக் குறை கூடுதலாக உண்டு என்பது தென்னிந்திய மயக்க மருத்துவர்கள் அறிந்தது. அந்தக் குடும்பத்தினர் பேனலில் இது இல்லையென்றால் சூடோகோலினெஸ்டெரேஸ் அளவைச் சாதாரண ரத்தப் பரிசோதனையாகவே பார்த்துக்கொள்ளலாம்.

நாற்பது பக்கப் பிடிஎஃப் ஈமெயிலில் தூங்கும். பர்ஸில் வைக்க ஒரு சின்ன அட்டை போதும். அதில் ஜீனின் பெயர் கீழே, மருந்தின் பெயர் மேலே, பிராண்டாக இல்லாமல் மூலப்பெயராக. சோதித்த தேதியும் வேண்டும். இரவு ஒரு மணிக்கு எமர்ஜென்சியில் நிற்கும் ஜூனியர் டாக்டர் அந்த முதல் வரியைத்தான் படிப்பார்.