அம்பாசடர் டிக்கிக்கு ஒரு மின்திறப்பு: பணிக்குறிப்புகள்

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

எங்கள் 1976ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 3 வண்டியின் டிக்கிப் பூட்டு நன்றாகத் தேய்ந்துவிட்டது. சாவியை உள்ளே நுழைத்து, இம்மியளவு வெளியே இழுத்துப் பிடித்தபடி திருப்பினால்தான் கைப்பிடி விடுபடுகிறது. அம்மாவின் மடக்கு வாக்கர் டிக்கியில்தான் இருக்கும் என்பதால், அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரமெல்லாம் நான் பின்னால் பூட்டோடு போராட வேண்டியிருக்கிறது. ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பொத்தானை அழுத்தித் திறக்கும்படி ஒரு மின்னமைப்பைச் சேர்ப்பது என்று இன்று முடிவு செய்தேன்.

இந்த வேலைக்கு இரண்டு நிபந்தனைகளை வைத்திருக்கிறேன். முதலாவது, வண்டியின் உடலில் புதிதாக ஒரு துளைகூடப் போடக் கூடாது. மத்திய அரசு 2021இல் மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, சேஸி, உடல், இயந்திரம் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி மூல வடிவில் இருக்கும் வண்டிகளே வின்டேஜ் வண்டிகளாகக் கருதப்படும். எங்கள் வண்டி அடுத்த ஆண்டு அந்த வயதை எட்டுகிறது. மின்சாரம் பாய்ந்ததும் ஒரு தண்டை இழுக்கும் சிறு மின்காந்தச் சுருளான சாலினாய்டைப் பெரும் மாற்றம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனாலும், எப்போது வேண்டுமானாலும் கழற்றிப் பழையபடி ஆக்கிவிட முடிகிற சேர்க்கையை மட்டுமே பழைய வண்டியில் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டாவது, பேட்டரி முற்றிலும் இறங்கிப்போனாலும் சாவி தன் வேலையைச் செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

டிக்கி மூடியின் உட்புறத்தை இன்று நிதானமாகப் பார்த்தேன். வெளிக் கைப்பிடியைத் திருப்பும்போது அதன் தண்டு உள்ளே ஒரு நெம்புகோலைத் திருப்ப, அது பூட்டின் நாக்கைப் பின்னுக்கு இழுக்கிறது. சாவியால் பூட்டிவிட்டால் தண்டே அசையாது. ஆகவே பலரும் செய்வதுபோல நெம்புகோலில் சாலினாய்டை மாட்டினால், பூட்டிய நிலையில் அது எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. பூட்டாமல் விட்டாலோ தெருவில் போகிறவர் எவரும் கைப்பிடியைத் திருப்பித் திறந்துவிடலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசற்கதவை நினைத்துப் பார்த்தபோது வழி புலப்பட்டது. அங்கே மின்சாரம் பூட்டைத் தொடுவதே இல்லை. நிலையில் பதித்திருக்கும், நாக்கை ஏந்தி நிற்கும் தகட்டைத்தான் அது விடுவிக்கிறது. அதே முறையை இங்கும் கையாளலாம். மூடியையும் பூட்டையும் தொடாமல், கீழ் விளிம்பில் இரண்டு போல்ட்டுகளால் நிற்கும் கேட்ச் தகட்டை மட்டும் கழற்றிவிட்டு, அதே போல்ட் துளைகளில், கீல் வைத்த ஒரு கேட்ச்சைப் பொருத்த வேண்டும். ஒரு கொக்கி அதைப் பிடித்திருக்கும். சாலினாய்டு கொக்கியை இழுத்ததும் கேட்ச் சாய்ந்து நாக்கை விட்டுவிடும். சாவிவழியும் மின்வழியும் ஒன்றையொன்று சாராமல் இயங்கும். மின்கருவி முழுவதும் உடற்பகுதியிலேயே இருப்பதால், மூடி திறந்து மூடும்போதெல்லாம் கீலருகே வளைந்து வளைந்து ஒயர் அறுந்துபோகும் தொல்லையும் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பழைய உதிரிபாகங்களுக்குப் புதுப்பேட்டை, புதிய மின்பொருள்களுக்கு ஜி.பி. ரோடு என்று சென்னையில் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சென்ட்ரல் லாக்கிங்குக்கு விற்கும், கதவுப் பூட்டை இயக்கும் சிறு மோட்டாரான ஆக்சுவேட்டர் மலிவாகக் கிடைத்தாலும், அது நீண்ட தூரம் நகரும், ஆனால் இழுவிசை குறைவு என்பதால் வேண்டாம் என்றேன். எனக்கு வேண்டியது, குறைந்த தூரத்தில் வலுவாக வெட்டி இழுக்கும் 12 வோல்ட் சாலினாய்டு. வாங்கி வந்ததன் சுருளை மீட்டரில் அளந்தபோது மின்தடை 1.2 ஓம் காட்டியது. அதாவது ஏறக்குறைய 10 ஆம்பியர் மின்னோட்டம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று முழுவதும் ஒயரிங். பிரிட்டிஷ் வழிவந்த வண்டிகளில் வேலை செய்கிறவர்கள், பேட்டரியின் எந்த முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். 1960களில் கூடப் பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருந்தது. எங்கள் வண்டியில் நெகட்டிவ் எர்த்.

சாலினாய்டு நேரடியாகப் பொத்தான் வழியே மின்சாரம் எடுத்தால் பொத்தானின் தொடுமுனைகள் விரைவில் கருகிவிடும் என்பதால், சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்சான ரிலே அவசியம். ரிலேயின் தடித்த முனைக்கு பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாகவும், அதன் சுருளுக்கு இக்னிஷன் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் பச்சை ஒயரிலிருந்தும் மின்சாரம் கொடுத்தேன். பிரிட்டிஷ் மின்பாக நிறுவனமான லூகாஸின் ஒயர் நிற முறையில் பழுப்பு என்றால் ஃபியூஸ் இல்லாத நேரடி மின்சாரம், ஊதா என்றால் ஃபியூஸ் வழியாக எப்போதும் வரும் மின்சாரம், கறுப்பு என்றால் எர்த். நான் சேர்த்த ஒயர்களுக்கும் அதே நிறங்களையே வாங்கினேன். இந்த வண்டியைப் பிற்காலத்தில் பார்க்கப்போகும் எலக்ட்ரீஷியன் குழம்பக் கூடாது. சாவி இல்லாமல் பொத்தான் வேலை செய்யாது என்பதால், கண்ணாடியை உடைத்து உள்ளே கையை நுழைக்கிறவருக்கும் டிக்கி திறக்காது.

ஒயரின் தடிமனில் சிக்கனம் பார்ப்பது பெரும் தவறு. முன்னாலிருந்து டிக்கி வரை 4 மீட்டர் என்று கொண்டால், 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 10 ஆம்பியர் ஓடும்போது 1.4 வோல்ட் வழியிலேயே வீணாகிறது, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அந்த இழப்பு 0.28 வோல்ட்தான். சாலினாய்டின் இழுவிசை ஏறத்தாழ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், மெல்லிய ஒயர் போட்டால் விசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சாலினாய்டு வலுவில்லை என்று குறைசொல்லி அதை மாற்றுகிறவர்கள், முதலில் அதன் முனையில் எத்தனை வோல்ட் வந்துசேர்கிறது என்று அளந்து பார்க்கட்டும்.

மின்சாரம் நிற்கும் கணத்தில் சுருள் எதிர்த்திசையில் எழுப்பும் உயர் மின்னழுத்தம் ரிலே முனைகளைத் தீய்க்காதிருக்க, சாலினாய்டுக்குக் குறுக்கே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 3 ஆம்பியர் டயோடு ஒன்றையும் வைத்தேன். எர்த்துக்காக எங்கும் பெயின்டைச் சுரண்டவில்லை. பின்விளக்கின் எர்த் போல்ட்டே போதுமானதாக இருந்தது. பொத்தான், டேஷ்போர்டின் அடியில் ஏற்கெனவே இருந்த ஒரு திருகாணியில் மாட்டிய சிறு பட்டையில் இருக்கிறது. விட்டவுடன் தானே எழும்பும் பொத்தான் அது. 120 வாட் வாங்கும் சுருளை அழுத்திக்கொண்டே இருந்தால் அது வெந்துபோகும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

லேத் பட்டறை அண்ணன் கேட்ச்சையும் கொக்கியையும் முடித்துக் கொடுத்துவிட்டார். மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுத்தபோது துள்ளி விழுந்த கொக்கி, வண்டியில் மாட்டி டிக்கியை மூடியதும் அசைய மறுத்தது. காரணம், மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங். அது மூடியை மேல்நோக்கித் தள்ள, அந்த அழுத்தம் முழுவதும் கேட்ச் வழியே கொக்கியின் முகத்தில் இறங்கி, உராய்வாக மாறிவிடுகிறது.

“சாலினாய்டைப் பெருசா போட்டுடலாமா, சார்?” என்று அண்ணன் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. விசையைக் கூட்டினால் மின்னோட்டம், ஒயர், ஃபியூஸ் எல்லாமே பெருத்துக்கொண்டு போகும். உராய்வைக் குறைப்பதே முறை. கொக்கியின் கையை நீட்டி நெம்புவிகிதத்தை 1க்கு 3 ஆக்கினோம். ஒன்றோடொன்று உரசும் முகங்களை மெருகேற்றி மெல்லிய கிரீஸ் பூசினோம். கேட்ச்சின் உயரத்தை வாஷர்களால் சரிசெய்து, பீடிங் தண்ணீரைத் தடுக்கும் அளவுக்கு மட்டும் நசுங்கும்படி வைத்தோம். இப்போது இயந்திரம் அணைந்த நிலையிலும் ஒரே அழுத்தில் திறக்கிறது. விடுபட்ட மூடி மீண்டும் அதே இடத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளாதபடி, ரப்பர் முனை வைத்த ஒரு சுருள்வில் அதைச் சற்று உயர்த்திவிடுகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மின்வழியும் சாவியும் ஒருசேரக் கைவிடும் நாளுக்காகக் கொக்கியில் சைக்கிள் பிரேக் கேபிள் ஒன்றைக் கட்டி, பின்னிருக்கைக்கு அடியில் முடித்தேன். அதே கொக்கியிலிருந்து டிக்கியின் உட்புறத்துக்கு இன்னொரு கயிறும் உண்டு. அதன் முனையில் இருட்டில் ஒளிரும் பிடி. அமெரிக்காவில் 1998 கோடையில் டிக்கிகளுக்குள் சிக்கிக் குழந்தைகள் 11 பேர் இறந்ததை அடுத்து, 2001 செப்டம்பர் முதல் தயாராகும் டிக்கி உள்ள கார்களில் உள்ளிருந்தே திறக்கும் வசதி கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் தெருக் குழந்தைகள் ஒளிந்து விளையாடும் இடங்களில் இந்த வண்டியும் ஒன்று. டிக்கியில் மின்சாரம் சேர்க்கிற யாரும் இந்தக் கயிற்றைத் தவிர்க்கக் கூடாது என்று நினைக்கிறேன். செலவும் மிகக் குறைவு.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. கடை வீதிக்கும் உறவினர் வீடுகளுக்கும் போய்வந்ததில் டிக்கிக்கு ஓய்வே இல்லை. மழையில் நின்ற பிறகும் டிக்கித் தளம் உலர்ந்தே இருக்கிறது. பீடிங்கின் அழுத்தத்தைக் குறைத்ததால் தண்ணீர் இறங்குமோ என்றிருந்த ஐயம் தீர்ந்தது. சாலினாய்டு முனையில் அழுத்தும்போது 11.6 வோல்ட் வருகிறது. பழைய கேட்ச் தகட்டைக் கிரீஸ் பூசிச் சுற்றி, ஒயரிங் வரைபடத்தோடு ஜாக்கிப் பையில் வைத்துவிட்டேன். பூட்டின் உருளையை, அசல் கைப்பிடியைக் கழற்றாமலே புதுப்பித்துத் தர ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்; பண்டிகை முடிந்ததும் வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.