ஆளுக்கு அரைப் பக்கம்

2024 மே 5, ஞாயிறு

கத்திரி தொடங்கி இரண்டாம் நாள். வேலூர்க் கோட்டைக்குள் வரையப் போன எங்கள் கூட்டம், ஒன்பது மணிக்கே ஜலகண்டேஸ்வரர் கல்யாண மண்டபத்துத் தூண் நிழலில் ஒதுங்கிவிட்டது. தூணில் பாயும் குதிரையின் முன்னங்கால் இன்றும் எனக்கு வசப்படவில்லை.

ஜூனில் ஏழு பேர் சேர்ந்து சின்னக் கண்காட்சி வைக்கிறோம். ஆளுக்கு அரைப் பக்கம் அறிமுகம் எழுதும் வேலை என் தலையில்.

மே 8, புதன்

காட்பாடி தாண்டி கரிகிரி. எங்கள் ஏழு பேரில் சிற்பம் செய்யும் தங்கச்சியிடம் எங்கே படித்தாய் என்றேன். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி என்று ஒரே வரி. சூளையைப் பற்றிக் கேட்டதும் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை.

மண் ஒன்றுதான். காற்றோட்டமாகச் சுட்டால் சிவப்பு. வாயை அடைத்து உள்ளே புகையை நிறுத்தினால் கறுப்பு. ஒருமுறை அவசரப்பட்டுச் சூளையைப் பிரித்திருக்கிறாள். பானை பாதி கறுப்பு, பாதி சிவப்பு. "வீணாப்போச்சும்மா" என்றாராம் அவள் நைனா. இப்போது வேண்டுமென்றே அப்படிச் சுடுகிறாள். தீ எங்கே தோற்றது என்பது சிற்பத்தின் மேலேயே தெரிகிறது.

அரைப் பக்கம் போதாது.

மே 12, ஞாயிறு

பெரியண்ணன் வீடு, சத்துவாச்சாரி. முப்பது வருஷம் வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் கடை போர்டும் சுவர் விளம்பரமும் எழுதியவர். இப்போது பாலாற்றைத் தவிர வேறெதையும் வரைவதில்லை. மணல், மணல், மணல். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது மட்டும் நாலு படம் தண்ணீரோடு. அவற்றைக் காட்ட ஏனோ கூச்சப்படுகிறார்.

அக்கரையை ஒரே இழுப்பில் போட்டிருந்தார். சுண்டுவிரலை ஊன்றி, பட்டைப் பிரஷ்ஷில், நடுவில் எடுக்காமல். எழுத்து எழுதின கை! அதைத்தான் முதல் வரியாக வைக்கப்போகிறேன் என்றேன்.

"இன்னாபா, மறுபடியும் போர்டு கதையா? ஃப்ளெக்ஸ் வந்துச்சு, பொழப்பு போச்சுன்னு நீ எழுதுவே. படிக்கிறவன் உச்சுக் கொட்டிகினு போவான். படத்த எவன் பாப்பான்?"

பதில் சொல்ல முடியவில்லை. அக்கா மோர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

மே 15, புதன்

நாலு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. அறிமுகத்தில் ஊரைச் சொல்வது எனக்குப் பிடிக்கும். ஓவியர் சந்தானராஜ் 1932இல் திருவண்ணாமலையில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தவர். அவர் பிறந்தபோது திருவண்ணாமலை எங்கள் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது, 1989இல்தான் பிரிந்தது. சிற்பி பெனிதா பெர்சியால் பிறந்ததும் அதே ஊர்தான். ஆனால் அவர் சாம்பிராணி, வெள்ளைப்போளம், பட்டை, கிராம்பு சேர்த்துச் செய்யும் உருவங்கள் முன்னால் ஊர்ப்பெயர் என்ன செய்யும்? மூக்கு முந்திக்கொள்ளும். பெரியண்ணன் கேட்பதும் அதுதானோ?

தங்கச்சி விஷயம் வேறு. சூளை அவள் பிழைப்புக் கதை இல்லை, சிற்பமே அதுதான். அது இருக்கட்டும். போர்டு வரியை அடித்தேன். மனசில்லாமல்தான். சுண்டுவிரலை மட்டும் விட்டுவைத்தேன். அது படத்தில் இருக்கிறது.

மே 19, ஞாயிறு

கோட்டையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பெரியண்ணன், "சுண்டுவிரலா? சரி, இருந்துட்டுப் போட்டும்" என்றார்.

வாசலில் வைக்கக் கண்காட்சிப் பெயருக்குப் பலகை வேண்டும். அவரிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஃப்ளெக்ஸுக்குச் சொல்லிவிட்டு வந்தோம்.