அப்பிங்டன் (தென்னாப்பிரிக்கா) நாட்குறிப்பு

ஜனவரி 12
41 டிகிரி. ஆபீஸ்ல மனு போட்ட பேப்பர் இன்னும் வரல.

ஜனவரி 14
வாசல்ல இருக்கிற கேமல்தார்ன் மரத்துல வைக்கப்போர் மாதிரி தொங்குதே, அது மொத்தமும் ஒரே குருவிக்கூடாம். அடியில நின்னு அண்ணாந்து பாத்தா ஓட்டை ஓட்டையா இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு ரூம், நுழையுற இடத்துல குத்துற மாதிரி புல்லு, உள்ள மட்டும் மெத்துனு. குருவிக்கு சோஷியபிள் வீவர்னு பேரு. சிட்டுக்குருவி சைஸ்தான், தாடையில கருப்புத் திட்டு. பெரிய கூட்டுல 100 ஜோடி கூட இருக்குமாம், பரம்பரை பரம்பரையா அதே வீட்ட இழுத்துக் கட்டிக்கிட்டே போகும்னு வீட்டுக்கார தாத்தா சொன்னாரு.

ஜனவரி 15
தூக்கமே இல்ல. அவருக்கு நைட் ட்யூட்டி. பேப்பர் வரலைனா அடுத்த மாசம் என்ன பண்றதுன்னு கேட்டா பதிலே இல்ல.

ஜனவரி 19
மழை!!! கலஹாரி பாலைவன மண்ணு வாசனை. ஊறின கூட்டுப் புல்லு பாரம் தாங்காம கிளையே முறியுமாம், நல்லவேளை ஒண்ணும் ஆகல. இனி பூச்சி வரும், அப்புறம்தான் இதுங்க முட்டை வைக்குமாம்.

பிப்ரவரி 17
குஞ்சு சத்தம். முன்னாடி பொறந்த அண்ணன்காரனுங்க கூட வாயில புழுவோட வர்றானுங்க. பேப்பர் வரல.

பிப்ரவரி 20
கை இன்னும் நடுங்குது. துணி காயப்போட போனா மரத்துல மஞ்சக்கலர்ல என்னமோ நெளியுது, கேப் கோப்ரா, நாகப்பாம்பு, கூட்டுக்கு அடியில தொங்கிக்கிட்டு ஒரு ஓட்டைக்குள்ள தலைய விட்டு, வெளிய எடுத்து, அடுத்த ஓட்டை, அடுத்த ஓட்டைன்னு போகுது, குருவிங்க சுத்தி நின்னு கத்துதே தவிர ஒண்ணும் பண்ண முடியல, நான் துடைப்பத்தோட ஓடுறேன், தாத்தா கையப் புடிச்சு நிறுத்திட்டாரு, வருஷா வருஷம் இதேதான், விடும்மாங்கிறாரு. எப்படி விடுறது? பிக்மி ஃபால்கன்னு ஒரு குட்டி வல்லூறு வேற, குருவி கட்டின ரூம்ல வாடகை இல்லாம குடியிருக்கு, பாம்பு வந்ததும் நகர்ந்து உக்காந்து வேடிக்கை பாக்குது. பல்லி கிடைக்கலைனா அதுவே குஞ்சத் தூக்குமாம். நல்ல குடித்தனம்!

பிப்ரவரி 21
சத்தம் இல்ல. சமைக்கல.

பிப்ரவரி 26
மறுபடியும் புல்லு தூக்கிட்டு வருதுங்க. மழை ஈரம் இருக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப முட்டை வைக்குமாம். எனக்கு எரிச்சலாத்தான் வந்துச்சு.

மார்ச் 2
ஆபீஸ்ல இருந்து போன். போட்டோ சைஸ் தப்பாம். புதுசா எடுத்து மொத்த ஃபைலையும் திரும்ப குடுக்கணுமாம். அவர் தூங்குறாரு, எழுப்பி சொல்லணும்