பட்டுநாடா அறுந்த காண்டாக்ஸ்

மே 25, 2024, சனி

போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா இறந்து இன்றோடு 70 ஆண்டுகள். 1954இல் வியட்நாமில், தாய் பின் நோக்கிப் போன பிரெஞ்சுப் படையினரைப் படமெடுத்துக்கொண்டிருந்தவர் கண்ணிவெடியை மிதித்துவிட்டார். வயது 40. அன்று அவரிடம் இரண்டு கேமராக்கள்: கறுப்பு வெள்ளைக்கு ஒரு காண்டாக்ஸ், வண்ணத்துக்கு ஒரு நிக்கான்.

ஓராண்டாக அலமாரியில் கிடக்கும் என் காண்டாக்ஸ் 2ஐ மேசைக்கு எடுத்துவிட்டேன். 1936இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரிலிருந்து ட்சைஸ் ஐகான் நிறுவனம் வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று, பிரான்சின் நார்மண்டியில் உள்ள ஒமாஹா கடற்கரையில் நேச நாட்டுப் படையினரோடு காப்பா இறங்கியபோது கையில் இருந்ததும் காண்டாக்ஸ்தான். என்னுடையதில் பொத்தானை அழுத்தினால், ஃபிலிமுக்கு ஒளியை விடும் திரையான ஷட்டர் திறப்பதில்லை.

மே 28, செவ்வாய்

நினைத்ததுதான், பட்டுநாடா. லைக்கா கேமராவில் துணித் திரை பக்கவாட்டில் ஓடும். இதில் மெல்லிய பித்தளைப் பட்டைகளைக் கோத்த திரை, கடை ஷட்டரை இழுத்து மூடுவதுபோல மேலிருந்து கீழே இறங்குகிறது. நொடியில் 1250இல் ஒரு பங்கு நேரம்வரை கணக்குத் தவறாமல் திறந்து மூட வேண்டிய அந்தத் திரையைத் தாங்குபவை இரண்டே பட்டுநாடாக்கள். அறுந்த முனையில் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது.

1933இல் பெர்லினை விட்டு ஓட நேர்ந்த யூத இளைஞர் காப்பா, பதினோரு ஆண்டுகள் கழித்து ஒரு ஜெர்மன் கேமராவோடு அந்தக் கரையில் இறங்கியிருக்கிறார். வேலையை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 1, சனி

நாடாவைத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தேன். நீளம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் திரை ஒழுங்காக மாட்டுவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஒரு பழைய கீவ் கேமராவைத் திறந்து வைத்திருந்தேன். போர் முடிந்ததும் காண்டாக்ஸின் உற்பத்திக் கருவிகள் சோவியத் யூனியனுக்குப் போயின. அவற்றைக் கொண்டு கீவ் நகரின் ஆர்சனல் ஆலையில் செய்யப்பட்டது அது. உள்ளே இரண்டும் உடன்பிறப்புகள். அந்த நகரின் மீது இன்றும் ஏவுகணைகள் விழுகின்றன.

ஜூன் 3, திங்கள்

ஷட்டர் ஓடுகிறது! இரவு ஒன்பது மணி முதல் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒமாஹாவில் எடுத்தவற்றில் மிஞ்சியவை 11 படங்கள். தான் எடுத்தவை 106 என்பது காப்பாவின் கணக்கு. லண்டன் இருட்டறையில் அவசரமாக உலர்த்தியபோது அதிக வெப்பத்தில் மற்றவை உருகிப்போயின என்பது பல்லாண்டு சொல்லப்பட்ட கதை. 2014 முதல் புகைப்பட விமர்சகர் ஏ.டி. கோல்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதை மறுத்து வருகிறார்கள். காப்பா எடுத்ததே மிகச் சில படங்கள்தான் என்பது அவர்கள் வாதம்.

நான் இருட்டறையை விட்டுவிட்டுக் கையை யோசிக்கிறேன். கரையில் புதுச் சுருளை மாட்ட முயன்றபோது கைகள் நடுங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். காண்டாக்ஸில் சுருள் மாற்ற, அடியில் உள்ள இரண்டு சாவிகளையும் திருப்பிப் பின்மூடியை முழுதாகக் கழற்ற வேண்டும். கழற்றிய மூடியை எங்கே வைப்பது? ஃபிலிமைச் சுற்றும் உருளையும் தனியாக வந்துவிடும். அதன் சிறு பிளவில் ஃபிலிம் நுனியைச் செருக வேண்டும்.

இன்று கீவில் அதைச் செய்து பார்த்தேன். உலர்ந்த கையோடு, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. பிறகு கைகளை உப்புநீரில் நனைத்துக்கொண்டு நின்றபடி முயன்றேன். நுனி விரலோடு ஒட்டிக்கொண்டது, உருளை இரண்டு முறை தரையில் விழுந்தது. நான்கு நிமிடம் ஆயிற்று. என்னை யாரும் சுடவில்லை. இடுப்பளவு அலை இல்லை, அருகில் பிணங்கள் இல்லை. பதினொன்றுதான் எடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். அதைக் குறைவு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஜூன் 6, வியாழன்

ஒமாஹா தரையிறக்கத்தின் எண்பதாம் ஆண்டு. நேற்று மாலை காண்டாக்ஸில் முதல் சுருளை ஓட்டினேன். பழக்கதோஷத்தில் நடுவிரல் தூரம் அளக்கும் சன்னலை மறைத்துவிடுகிறது. இந்தக் கேமராவுக்கென்றே விரலை மடக்கிப் பிடிக்கும் ஒரு பிடி உண்டு, அது இன்னும் கைக்கு வரவில்லை. மழையில் ஓடிய எதிர்வீட்டுச் சிறுவன் முழுக்கக் கலங்கிப் பதிவாகியிருக்கிறான், காலைத் தூக்கியது மட்டும் தெரிகிறது.

குளியலறைக் கொடியில் ஃபிலிமைத் தொங்கவிட்டு, கீழ் நுனியில் ஒரு துணி கிளிப்பை மாட்டினேன். சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறிகூட வைக்கவில்லை. தானாகக் காயும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.