தூண் மண்டபம் ஒட்டுத் தெரியாமல் இணைந்தது

தூண் மண்டபத்தின் முழுச் சுற்றுப்படம் ஒருவழியாக இணைந்துவிட்டது. 360 பாகைக்கு 12 படங்கள். நடுவில் முக்காலி, சுற்றிலும் கைக்கெட்டும் தூரத்தில் கல் தூண்கள், அவற்றின் இடைவெளிகளில் பள்ளத்தாக்கும் மலைத்தொடரும். படங்களை இணைக்கும் மென்பொருளான ஹுகினில் போட்டு எடுத்ததில் ஒரு தூண்கூட இரண்டாகப் பிளக்கவில்லை. வேண்டாத பகுதியை மறைக்கும் மாஸ்க் போடவில்லை, பிழையை ஒட்டுப்போட்டு மூடும் குளோன் கருவியைத் தொடவும் இல்லை. முழு அளவுக்குப் பெரிதாக்கித் தூண் தூணாகப் பார்த்தேன். உளி விழுந்த தடம் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குள் இம்மியும் பிசகாமல் போகிறது. கொஞ்சம் பீற்றிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

மலையை மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றினாலும் மென்பொருள் இணைத்துக் கொடுத்துவிடும். பழைய கட்டடத்தையும் அதற்கு அப்பால் தெரியும் நிலக்காட்சியையும் ஒரே படத்தில் கேட்கும்போதுதான் இடமாறு தோற்றப் பிழை, அதாவது கேமரா நகரும்போது அருகிலிருப்பது தொலைவிலிருப்பதை விட்டு விலகித் தெரிவது, பல்லைக் காட்டுகிறது. எந்தப் புள்ளியைச் சுற்றிக் கேமராவைத் திருப்பினால் இந்த விலகல் வராதோ அதைத்தான் நோடல் பாயிண்ட் என்கிறோம். அது சுழலும் அச்சிலிருந்து 5 மி.மீ. விலகி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 பாகை திருப்பினால் அது பக்கவாட்டில் ஏறக்குறைய 2.6 மி.மீ. நகரும். 24 மி.மீ. லென்ஸ், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா என்றால், ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் தூண் பின்னணியை விட்டு சுமார் 10 பிக்சல் இடம் மாறிவிடும். அதே விலகலுக்கு 50 மீட்டர் தள்ளி நிற்கும் மரம் கால் பிக்சல்கூட அசையாது.

அதனால் இந்த முறை லென்ஸுக்கு நோடல் பாயிண்ட் கண்டுபிடிப்பதையே தனி வேலையாக எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் லென்ஸ்வாரியாக இந்தப் புள்ளியின் அளவைத் தொகுத்து வைத்திருக்கும் அட்டவணைகளை நான் நம்புவதில்லை. கேமராவைத் தாங்கும் அவர்களுடைய எல் பிராக்கெட்டின் கனம் வேறு, கிளாம்ப் கடிக்கும் இடம் வேறு, கேமராவை முன்பின் நகர்த்தும் ரெயிலில் பூஜ்யம் தொடங்கும் இடமும் வேறு. அந்த எண்ணைத் தேடத் தொடங்கும் இடமாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

முதலில் பக்கவாட்டுச் சமன். கேமராவை நேர் கீழே பார்க்கவைத்து, முக்காலியின் மேல் கேமராவைத் திருப்பும் சுழலியின் நடு திருகு படச்சட்டத்தின் மையத்தில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் முன்பின் நகர்த்திக்கொண்டே இருந்தால் விடியும்வரை நகர்த்தலாம். அடுத்தது முன்பின் தேடல். அருகிலும் தொலைவிலும் ஒவ்வொரு குச்சி நட்டு வைப்பதுதான் வழக்கமான முறை. நான் அரை மீட்டர் முன்னால் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். அந்த நூல் மெல்லியது, செங்குத்துக்கு அதைவிட நம்பகமான சாட்சியும் கிடையாது. தொலைவுக்கு ஒரு விளக்குக் கம்பம். கேமராத் திரையில் தெரியும் லைவ் வியூவை 10 மடங்கு பெரிதாக்கி, நூல் கம்பத்தின் நட்ட நடுவில் விழும்படி முக்காலியை நகர்த்திக்கொண்டேன்.

இனி கேமராவை வலப்பக்கம் திருப்ப வேண்டும். நூலும் கம்பமும் சட்டத்தின் இடப்பக்கம் போகும். அங்கே நூல் கம்பத்துக்கு இடதாக விலகினால் கேமரா முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறது, பின்னால் இழுக்க வேண்டும். வலதாக விலகினால் முன்னே தள்ள வேண்டும். இந்த இடத்தில் பலர் சட்டத்தின் கடைசி ஓரம்வரை கொண்டுபோய்ப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அகலக்கோண லென்ஸில் இந்தப் புள்ளி ஒளி வரும் கோணத்துக்கு ஏற்பக் கொஞ்சம் நகரக்கூடியது. நான் எடுப்பது 30 பாகைக்கு ஒரு படம். அப்படியானால் ஒட்டு விழப்போவது மையத்திலிருந்து 15 பாகையை ஒட்டித்தான். அந்த இடத்தில் நூல் நகராமல் இருந்தால் போதும், ஓரத்தில் அரை மில்லிமீட்டர் ஆடினாலும் அந்தப் பகுதி எப்படியும் வெட்டுப்படப் போகிறது. மண்டபத்துத் தூண்கள் பிளக்காமல் வந்ததற்கு இதுவே பாதிக் காரணம் என்பது என் கணிப்பு.

குவியத்தை மாற்றினாலும் புள்ளி நகரும் என்பதால், சோதனையின்போதே 1.8 மீட்டரில் வைத்து வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிட்டேன். லென்ஸ் திறப்பு எஃப் 11-இல் 90 செ.மீ.யிலிருந்து முடிவிலி வரை தெளிவாக வரும் என்பது கணக்கு. மலை முகடு கத்திபோல் கூர்மையாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். அவர்கள் எஃப் 13-க்குப் போகட்டும்.

இவ்வளவு பாடுபட்டும் ரெயில் ஒத்துழைக்க வேண்டுமே! முதலில் வாங்கியதில் அளவுக்கோடுகள் உலோகத்தில் செதுக்கப்படவில்லை, ஒட்டுத்தாள். வெயிலில் ஒரு முனை கிளம்பி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தே போயிற்று. எல்லாத் தட்டுக்கும் பொருந்தும் என்று விற்றவர் அடித்துச் சொன்ன கிளாம்ப், என் தட்டின் ஒரு பக்கத்தை மட்டும் கடித்து மறுபக்கத்தை அந்தரத்தில் விட்டது. இப்போது வைத்திருப்பதில் கோடுகள் செதுக்கப்பட்டவை. கூடவே ஒரு நிறுத்துத் திருகும் உண்டு. புள்ளி கிடைத்ததும் அதை இறுக்கிவிட்டால், கேமராவைக் கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில் வந்து முட்டி நிற்கும். ரெயில் வாங்கப் போகிறவர்கள் மற்ற வசதிகளை விட்டுவிட்டு இந்த ஒன்றைப் பார்த்து வாங்கலாம்.

முக்காலியின் மட்டத்தைச் சரிசெய்யும் சமன் தட்டைச் சுழலிக்குக் கீழே வைக்க வேண்டும் என்பதை இங்கே விளக்கப்போவதில்லை. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் எல்லாம் மேனுவல். வானத்தைக் கறுப்பாக்கும் வடிகட்டியான போலரைசரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அதை மாட்டினால் சூரியனுக்கு 90 பாகை தள்ளிய வானம் மட்டும் கறுத்து, முழுச் சுற்றில் பட்டை பட்டையாகத் தெரியும்.

முக்காலி வைக்க அனுமதி இல்லாத நினைவுச்சின்னங்கள்தான் அதிகம். அதற்கும் அதே தூக்குக்குண்டு கைகொடுக்கும். லென்ஸ் குழாயில் நோடல் பாயிண்ட் இருக்கும் இடத்தில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, குண்டு தரையில் வைத்த ஒரு நாணயத்தின் மேலேயே நிற்கும்படி உடம்பை நாணயத்தைச் சுற்றி நகர்த்த வேண்டும். முக்காலியின் துல்லியம் வராது. ஒன்றிரண்டு செ.மீ.க்குள் நின்றால், நான்கைந்து மீட்டர் தள்ளியுள்ள தூண்களை மென்பொருள் சமாளித்துவிடும். பார்ப்பவர்கள் நாம் நிலத்தடி நீரோட்டம் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள், அது வேறு.

புரொஜெக்‌ஷன் பற்றி மட்டும் முடிவுக்கு வரமுடியவில்லை, அதாவது சுற்றுக் காட்சியைத் தட்டைப் படமாக விரிக்கும் முறை. சிலிண்டர் முறையில் மண்டபத்தின் நேரான உத்தரம் வில்லாக வளைகிறது. 120 பாகையை வெட்டி நேர்கோட்டை நேராகவே வைக்கும் ரெக்டிலீனியரில் போட்டால் உத்தரம் நிமிர்கிறது, ஓரத்துத் தூண்கள் பருத்துவிடுகின்றன. பானினி என்ற முறை இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம். ஆழமாக உள்ளே போகும் மண்டபத்துக்கு அது அழகாகப் பொருந்துகிறது, குறுக்கே ஓடும் உத்தரத்தை மட்டும் காப்பாற்றுவதில்லை. மூன்றையும் அச்செடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

அதற்குள் மனம் வேறொன்றுக்குத் தாவிவிட்டது. 1858-இல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். நின்ற இடத்தில் சுழன்று எடுத்தது அல்ல அது, சுவரோடு நகர்ந்து நகர்ந்து எடுத்தது. அங்கே நோடல் பாயிண்டுக்கு வேலை இல்லை. சுவர் தட்டையாக இருக்கும்வரை கேமரா நகர்வதால் பாதகமில்லை, புடைத்து நிற்கும் சிற்பமோ மாடமோ குறுக்கிட்டால்தான் ஒட்டு காட்டிக்கொடுக்கும். ஹுகினில் கேமராவின் இடப்பெயர்வையும் கணக்கில் சேர்த்துப் படங்களைப் பொருத்தும் வசதி இருக்கிறது. நீளமான ஒரு மதில் சுவரையும், கேமரா சுவரை விட்டு விலகாமல் நகர, சீரான தூரத்தில் வழிகாட்டிக் கயிறு கட்ட இடத்தையும் பார்த்து வைத்திருக்கிறேன். 50 மி.மீ. லென்ஸ் போதும். நிழல் நகர்வதற்குள் முழுச் சுவரையும் முடிக்க வேண்டும் என்பதால் மேகமூட்டமான நாள் ஒன்று தேவை.

மண்டபத்தின் கீழ்த் துளை, அதாவது முக்காலி நின்ற வட்டம், இன்னும் கறுப்பாகவே கிடக்கிறது. முக்காலியை அகற்றிவிட்டுத் தரையைத் தனியாக எடுத்த படம் இருக்கிறது. கல்தளத்தின் இணைப்புக் கோடுகளில், இரண்டு படங்களிலும் ஒரே இடத்தைக் குறிக்கும் கண்ட்ரோல் பாயிண்டுகளைக் கையால்தான் வைக்க வேண்டும், அதற்கு இந்த வாரம் பொறுமை இல்லை.