நூர்பர்க்ரிங் நோர்ட்ஷ்லைஃப: மேட்டுக்கு முன்பே பிரேக்

ஜெர்மனியின் ஐஃபெல் மலைக்காட்டுக்குள் 20.8 கி.மீ. ஓடும் தடம் இது. 1927-ல் திறந்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சுமார் 300 மீட்டர் உயர வித்தியாசம். பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களில் கட்டணம் கட்டி யாரும் சொந்த வண்டியில் சுற்றலாம். பலர் வீடியோ கேமில் வளைவுகளை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். அது உதவும். ஆனால் இங்கே வண்டியைத் தடத்துக்கு வெளியே தள்ளுவது பெரும்பாலும் மேடுகள்தான். திரையில் பார்க்கும்போது மேடு மேடாகவே தெரியாது.

மேட்டின் உச்சியைத் தாண்டும்போது டயர் தரையை அழுத்துவது குறைகிறது. அப்போது பிரேக்கை மிதித்தால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) துடிக்கும், வேகம் அதிகம் குறையாது. ஸ்டீயரிங் திரும்பியிருந்தால், வண்டி மறுபடி அமரும் நொடியில் அந்தப் பக்கமாக வெடுக்கென்று இழுக்கும். ஆகவே பிரேக், கியர் இரண்டையும் மேடு ஏறும்போதே, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். உச்சியில் கை கால் எதுவும் புதிதாகச் செய்யக் கூடாது.

சுற்றின் தொடக்கத்தில் வரும் ஹாட்ஸென்பாக்கின் நெளிவுகளில் வேகம் குறைவு. அங்கே டயர் சூடாகட்டும், அவசரம் வேண்டாம். முதல் சோதனை ஃப்ளூக்பிளாட்ஸ். மேட்டுக்கு அப்பால் வலது வளைவு ஒளிந்திருக்கும். மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வண்டி அமர்ந்த பிறகு திருப்புங்கள். அடுத்து வரும் ஷ்வேடன்க்ராய்ஸ், கண்ணுக்குத் தெரியாத வேகமான இடது. அதை முழு வேகத்தில் எடுக்க முயல்பவர், உடனே வரும் ஆரெம்பெர்க் என்ற மெதுவான வலதுக்குப் பிரேக் பிடிக்க நேரமில்லாமல் தவிப்பார். ஷ்வேடன்க்ராய்ஸில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் ஆரெம்பெர்க்குக்கு வண்டி நேராக நிற்கும்.

பிறகு ஃபுக்ஸ்ரோர. இறக்கத்தில் வேகம் ஏறிக்கொண்டே போகும். அடியில் பள்ளம் வண்டியை அமுக்கும், சஸ்பென்ஷன் முழுக்க இறங்கிவிடும். அந்த இடத்தில் கடுமையாகப் பிரேக் பிடித்தால் பின்பக்கம் இலேசாகிச் சுழற்றிவிடும். இறக்கத்திலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பள்ளத்தைத் தாண்டி ஏற்றத்தில் வண்டி நேரானதும் பிரேக்கை நன்றாக மிதியுங்கள். உச்சிக்குப் பின்னால் ஆடெனாவர் ஃபோர்ஸ்ட், இடது-வலது என்று மெதுவான இரட்டை வளைவு. தடம் தெரியாமல் நேரே புல்லுக்குள் போகிறவர்கள் இங்கேதான் அதிகம்.

பெர்க்வெர்க்கில் பொறுமை பலன் தரும். உள்ளே மெதுவாகப் போய், வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை முழுதாகத் தர முடிகிற மாதிரி தாமதமாகத் திருப்புங்கள். அடுத்து நீண்ட ஏற்றம். இங்கே இழந்த வேகம் ஏற்றம் முழுக்கத் திரும்பாது. பெர்க்வெர்க்குக்குச் சற்று முன்னால்தான் 1976-ல் ஃபார்முலா ஒன் வீரர் நிக்கி லவுடாவின் ஃபெராரி மோதி எரிந்தது. ஃபார்முலா ஒன் அதற்குப் பிறகு இந்தத் தடத்துக்கு வரவில்லை. இவ்வளவு நீளத்தில் உதவி எங்கும் சட்டென்று வந்துசேராது. மஞ்சள் கொடி கண்டால் உடனே வேகத்தைக் குறையுங்கள். உங்கள் வண்டி பழுதானால் ஓரம் கட்டி, இறங்கி, தடுப்புக்குப் பின்னால் போய்விடுங்கள்.

காருசெல் வளைவின் சாய்ந்த கான்கிரீட்டில் மெதுவாக இறங்கி, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, அது தானாக வெளியே விடும்வரை காத்திருங்கள். ப்ஃளான்ஸ்கார்ட்டனில் மறுபடி அதே மேட்டு விதி, இந்த முறை வண்டி தாவக்கூடிய அளவுக்கு.

பொதுநாட்களில் ஜெர்மன் சாலைச் சட்டமே செல்லும். இடப்பக்கம் மட்டுமே முந்தலாம். பின்னால் வேகமாக ஒருவர் வந்தால் வலப்பக்கம் ஒதுங்கி வலது இண்டிகேட்டர் போடுங்கள். பார்த்துவிட்டேன் என்பதற்கு அது அடையாளம். வளைவைவிடப் பின்புறம் காட்டும் கண்ணாடிக்கே அதிகக் கவனம் போகும், அது சரிதான். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இந்தத் தடத்தை வெளிப்படையாக விலக்கிவைத்திருக்கும். மோதினால் தடுப்பு வேலி, மீட்பு வண்டி எல்லாவற்றுக்கும் பில் வரும்.

பிரேக் ஆயில் புதிதாக இருக்கட்டும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகி பெடல் தரைவரை போகும். பெடல் மென்மையாகத் தோன்றினாலே அந்தச் சுற்றை மெதுவாக முடியுங்கள்.

கடைசி நேர்ப்பாதையான டோட்டிங்கர் ஹோஹேயில் பிரேக்கைத் தொடாமல் ஓடவிட்டு ஆற்றுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கியரில் விடுங்கள். சூட்டில் டயர் அழுத்தம் 4-6 பிஎஸ்ஐ ஏறியிருக்கும். அடுத்த சுற்றுக்காகக் காற்றை இறக்கினால், ஆறிய பிறகு வழக்கமான அளவுக்கு நிரப்பிவிட்டே ஆட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறுங்கள்.